ஆகஸ்ட் 16: பாப், ராக் இசை வரலாற்றில் ஒரு நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனையோ நாள் இருக்க, ஏன் ஆகஸ்ட் 16?

இந்தத் தேதியில் மூன்று பெரிய மரணங்கள் நடந்திருக்கின்றன. 1938-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக் கலைஞர் ராபர்ட் ஜான்சன், 1977-இல் ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, 2018-இல் பாடகி அரீதா பிராங்க்ளின். இதே தேதியில்தான் 1958-இல் பாப் பாடகி மடோனா பிறந்தார், 1962-இல் பீட்டில்ஸ் தங்கள் டிரம்மர் பீட் பெஸ்டை வெளியே அனுப்பினார்கள், 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவின் இரண்டாம் நாள் நடந்தது, 1974-இல் ரமோன்ஸ் ராக் குழு நியூயார்க்கின் சிபிஜிபி மதுக்கூட மேடையில் முதன்முறையாக ஏறியது.

நாட்காட்டியில் எந்தத் தேதியைத் தொட்டாலும் இப்படி நாலைந்து சம்பவங்கள் கிடைக்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நாளில் இறந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூவரின் வாழ்க்கையும் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து பக்கத்து மாநிலமான டென்னசியின் மெம்பிஸ் நகரத்துக்குப் போகும் பாதையில் வந்து சேர்கிறது. ஒரே தேதி என்பது தற்செயல். ஒரே ஊர் என்பது தற்செயல் இல்லை. அதனால்தான் இந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நினைக்கிறேன்.

ராபர்ட் ஜான்சன் யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

கேள்விப்படாதவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியே. மிசிசிப்பியின் ஹேசல்ஹர்ஸ்ட் ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் சில ஆண்டுகள் மெம்பிஸில் வளர்ந்தார். கையில் ஒரு கிட்டாரோடு ஊர் ஊராகப் போய், தெருமுனையிலும் சாராயக் கடைகளிலும் சனிக்கிழமை இரவு ஆட்டங்களிலும் பாடிப் பிழைத்தார்.

வாழ்நாளில் இரண்டே தடவைதான் ஒலிப்பதிவுக்குப் போனார். 1936 நவம்பரில் டெக்சஸின் சான் ஆன்டோனியோவில், ஒரு ஓட்டல் அறையில் நடந்தது முதல் பதிவு. 1937 ஜூனில் டல்லாஸில் இரண்டாவது. இரண்டிலும் சேர்த்து 29 பாடல்கள். அவ்வளவுதான் அவர் விட்டுப்போன சொத்து. அடுத்த ஆண்டு இறக்கும்போது வயது 27.

அவர் கிட்டார் வாசிப்பதை முதன்முறை கேட்பவர்கள் பலர் இரண்டு பேர் வாசிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் தாளத்தை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே தனியாக ஒரு பதிலைச் சொல்லும். குரல் மூன்றாவது ஆளாக உள்ளே வரும். பின்னாளில் ராக் குழுக்கள் இரண்டு கிட்டார், ஒரு பேஸ் என்று பிரித்துக்கொண்ட வேலையை இவர் ஒரே ஆளாகச் செய்தார்.

நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுத்தான் அந்தத் திறமையை வாங்கினார் என்கிறார்களே?

இல்லை. சன் ஹவுஸ் என்ற மூத்த புளூஸ் கலைஞர் பின்னாளில் ஒரு நினைவைச் சொன்னார்: பையனாக இருந்தபோது ஜான்சன் கிட்டாரை எடுத்தால் கேட்க முடியாது, எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தபோது எல்லோரையும் வாயடைக்க வைத்தார் என்று. அந்த இடைவெளியில்தான் சாத்தான் கதை முளைத்தது. அதுகூட முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றிச் சொல்லப்பட்ட கதை. பெயரின் பின்பாதி ஒன்றாக இருந்ததால் இவர் தலையில் வந்து விழுந்தது.

உண்மையில் அந்தக் காலத்தில் அவர் பிறந்த ஊர்ப் பக்கம் போய், ஐக் ஜிம்மர்மேன் என்ற கிட்டார் கலைஞரிடம் பாடம் கேட்டார். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருக்க இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தார் சொன்ன தகவல். ஆசிரியர், சாதகம், இரவு முழுக்க உழைப்பு. இந்த உண்மைக் கதை சாத்தான் கதையைவிட எனக்குப் பல மடங்கு பிடித்திருக்கிறது. ஒரு ஏழைக் கறுப்பின இளைஞன் தன் உழைப்பால் இவ்வளவு தூரம் போக முடியும் என்று நம்ப மறுத்தவர்களுக்குச் சாத்தான் தேவைப்பட்டான்.

அவர் எப்படி இறந்தார்?

மிசிசிப்பியின் கிரீன்வுட் அருகே இறந்தார். விஷம் கலந்த விஸ்கியை யாரோ கொடுத்தார்கள், பெண் விவகாரம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எல்லாம் செவிவழிச் செய்திதான். இறப்புச் சான்றிதழை ஆய்வாளர் கேல் டீன் வார்ட்லோ 1968-இல், அதாவது முப்பது ஆண்டு கழித்துத்தான் கண்டுபிடித்தார். அதில் மரணத்துக்கான காரணம் எழுத வேண்டிய இடத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்: மருத்துவர் இல்லை.

அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதிலும் சண்டை. கிரீன்வுட் வட்டாரத்தில் மூன்று தேவாலயங்களில் அவர் பெயரில் நினைவுக்கல் நிற்கிறது.

அப்படியானால் உலகம் அவரை எப்படித் தெரிந்துகொண்டது?

ஜான் ஹேமண்ட் என்ற ஒரு மனிதர் முக்கியக் காரணம். இசைத்தட்டுத் தயாரிப்பாளர். 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் கறுப்பின இசையின் வரலாற்றைக் காட்டும் ஒரு பெரிய கச்சேரியை அவர் ஏற்பாடு செய்தார். அதில் ஜான்சனைப் பாட வைக்க ஆள் விட்டுத் தேடினார். ஆகஸ்டிலேயே போய்விட்டார் என்ற செய்திதான் திரும்பி வந்தது. ஹேமண்ட் அவருடைய இரண்டு இசைத்தட்டுகளை மேடையில் ஓடவிட்டுக் கூட்டத்தைக் கேட்க வைத்தார்.

அப்புறம் 1961-இல் கொலம்பியா நிறுவனம் அவருடைய பதிவுகளை ஒரு நீள்தட்டாக வெளியிட்டது. அது இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பின்னாளில் பெரிய ராக் கிட்டார் கலைஞர்களான கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன் தலைமுறைப் பையன்கள் அதைத் தேயத் தேயக் கேட்டார்கள். பிரிட்டிஷ் ராக் இசையின் பெரும்பகுதி அந்தத் தட்டிலிருந்து கிளம்பியது என்றால் மிகை இல்லை.

ஹேமண்ட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் திரும்ப வருவார்.

எல்விஸ் இறந்த அன்று என்ன நடந்தது?

1977, செவ்வாய்க்கிழமை. மறுநாள் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் புதிய கச்சேரிப் பயணம் தொடங்க வேண்டும், அன்று இரவே விமானம் ஏறுவதாக ஏற்பாடு. மெம்பிஸில் அவருடைய கிரேஸ்லேண்ட் வீட்டின் மாடிக் குளியலறையில், பிற்பகலில், அவர் மயங்கிக் கிடப்பதை அவருடைய காதலி பார்த்தார். பாப்டிஸ்ட் மெமோரியல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 3.30 மணிக்கு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது 42.

வீட்டு வாசலில் அன்றே கூட்டம் சேர்ந்துவிட்டது. அதிபர் ஜிம்மி கார்ட்டர் இரங்கல் அறிக்கை வெளியிட்டார். 18-ஆம் தேதி வெள்ளை கேடில்லாக் கார்கள் வரிசையாகச் செல்ல, தாயின் கல்லறை இருந்த இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பாதுகாப்புச் சிக்கல் வந்ததால் அக்டோபரில் இருவர் உடலையும் கிரேஸ்லேண்டுக்கே மாற்றினார்கள். இன்றும் ஒவ்வொரு ஆகஸ்ட் 15 இரவும் ரசிகர்கள் மெழுகுவத்தி ஏந்தி அந்தக் கல்லறை வரை நடந்து போகிறார்கள்.

மரணத்துக்கு என்ன காரணம்?

இதயத் துடிப்புச் சீர்குலைவு என்று மருத்துவப் பரிசோதகர் அறிவித்தார். ஆனால் உடலில் ஏராளமான மருந்துகள் இருந்தன. எல்லாம் மருத்துவர் சீட்டோடு வாங்கிய மாத்திரைகள். அவருக்கு மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவர் மீது பின்னாளில் நடவடிக்கை எடுக்கப்பட்டு, 1995-இல் உரிமமே பறிபோனது.

அதே தேதியில், 39 ஆண்டு முன்பு, பக்கத்து மாநிலத்தில் ஒருவர் மருத்துவரே இல்லாமல் இறந்தார். இன்னொருவர் கேட்ட மருந்தெல்லாம் கிடைத்ததால் இறந்தார். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் என்னால் ஆகஸ்ட் 16-ஐக் கடக்க முடிவதில்லை.

நம் ஊர் நேரப்படி அது 17-ஆம் தேதி அல்லவா?

சரிதான். மெம்பிஸில் மாலை 3.30 என்றால் கோடைக்காலக் கணக்கில் இந்தியாவில் அதிகாலை 2 மணி, ஆகஸ்ட் 17. ஆனாலும் சம்பவம் நடந்த ஊரின் தேதியைத்தான் வரலாற்றில் எழுதுவது வழக்கம். இந்தப் பக்கத்திலும் அப்படியே.

எல்விஸ் சாகவில்லை, எங்கோ மறைந்து வாழ்கிறார் என்பது?

வதந்தி. அவர் இறந்துவிட்டார்.

கறுப்பர்களின் இசையைத் திருடித்தான் எல்விஸ் பெரிய ஆளானார் என்கிறார்களே?

இதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். எல்விஸ் மிசிசிப்பியின் டூப்பெலோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1948-இல், 13 வயதில், குடும்பத்தோடு மெம்பிஸ் வந்தார். அங்கே தேவாலயப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, பீல் தெருவின் புளூஸ் எல்லாம் காதில் விழுந்தது. 1954 ஜூலை 5-ஆம் தேதி மெம்பிஸின் சன் ஸ்டுடியோவில் அவர் பதிவு செய்து பெயர் வாங்கிய முதல் பாட்டு, ஆர்தர் குருடப் என்ற கறுப்பினக் கலைஞர் எழுதிப் பாடியது.

எல்விஸ் இதை மறைத்தவர் இல்லை. 1956-இலேயே ஒரு பேட்டியில், நான் செய்வதைக் கறுப்பின மக்கள் எனக்கு ரொம்ப முன்பிருந்தே செய்கிறார்கள் என்று குருடப் பெயரைச் சொல்லியே பேசினார். ஆனால் அந்தப் பாட்டுக்குச் சேர வேண்டிய காசுக்காகக் குருடப் பல ஆண்டு அலைந்தார். உரிய தொகை கைக்கு வராமலே 1974-இல் இறந்துபோனார். ஒரே பாட்டு வெள்ளைக்காரப் பையன் பாடினால் வானொலியில் ஏறும், எழுதியவர் பாடினால் ஏறாது என்ற ஏற்பாட்டை எல்விஸ் உண்டாக்கவில்லை, அதனால் பலன் அடைந்தார். இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

பீட் பெஸ்டை பீட்டில்ஸ் ஏன் நீக்கினார்கள்?

1960 ஆகஸ்டில், ஹாம்பர்க் பயணத்துக்கு முன்பு அவசரமாக டிரம்மர் தேவைப்பட்டபோது சேர்க்கப்பட்டவர் பீட். அவர் அம்மா மோனா பெஸ்ட் லிவர்பூலில் தன் வீட்டு நிலவறையில் நடத்திய காஸ்பா காபி கிளப்பில்தான் இந்தப் பையன்கள் முன்பே வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு ஹாம்பர்க் இரவுகள், லிவர்பூலின் கேவர்ன் கிளப் மேடை எல்லாவற்றிலும் கூடவே இருந்தார். 1962 ஜூன் 6-ஆம் தேதி லண்டனில் இஎம்ஐ ஸ்டுடியோ பதிவில், பீட் வாசிப்பு இசைத்தட்டுக்குப் போதாது, வேறு டிரம்மரை வைத்துக்கொள்கிறேன் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொல்லிவிட்டார். குழுவில் மற்ற மூவருக்கும் ஏற்கெனவே ரிங்கோ ஸ்டார் என்ற டிரம்மர் மேல் கண்.

ஆகஸ்ட் 15 அன்று கேவர்னில் பீட் வழக்கம்போல வாசித்தார். மறுநாள் காலை மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் தன் அலுவலகத்துக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அது கோழைத்தனம்தான் என்று லெனனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

18-ஆம் தேதி ரிங்கோ குழுவில் ஒருவராக மேடையேறினார். மறுநாள் கேவர்னில் பீட் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அந்தக் கலாட்டாவில் ஹாரிசனுக்குக் கண் வீங்கியது.

அவர் உண்மையிலேயே மோசமான டிரம்மரா?

ஹாம்பர்க் கிளப்புகளில் மணிக்கணக்கில் வாசித்துத் தாக்குப்பிடித்தவரை மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி தாளம், வேக மாற்றங்களில் தடுமாற்றம் என்பது பதிவுகளைக் கேட்டால் தெரிகிறது. மற்ற மூவரோடு ஒட்டாமல் அமைதியாக ஒதுங்கி இருப்பார் என்பதும் ஒரு காரணம். அழகன் என்பதால் பொறாமை என்ற பேச்சை நான் நம்பவில்லை.

இன்னொரு விஷயம். செப்டம்பரில் பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது மார்ட்டின் தரப்பு ரிங்கோவையும் முழுதாக நம்பவில்லை. 11-ஆம் தேதி ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ டிரம்மரை உட்கார வைத்துவிட்டு ரிங்கோ கையில் தம்புரின் கொடுத்தார்கள். ஆனால் ரிங்கோவை நண்பர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பீட்டுக்கு அந்த நண்பர்கள் இல்லாமல் போனதுதான் வித்தியாசம்.

பீட் பின்னாளில் லிவர்பூலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது ஆண்டு அரசு வேலை பார்த்தார். 1995-இல் பீட்டில்ஸின் பழைய பதிவுகள் தொகுப்பாக வந்தபோது, அவர் டிரம் வாசித்த பாடல்களும் அதில் இடம்பெற்றன. பெரிய தொகை கிடைத்தது. தாமதம் என்றாலும் நியாயம்.

அரீதா பிராங்க்ளினுக்கும் மெம்பிஸுக்கும் என்ன சம்பந்தம்? அவர் டெட்ராய்ட்காரர் அல்லவா?

வாழ்ந்தது, இறந்தது டெட்ராய்ட். பிறந்தது மெம்பிஸ், 1942-இல். அப்பா சி. எல். பிராங்க்ளின் மிசிசிப்பியில் பருத்திக் காட்டுப் பகுதியில் பிறந்து, போதகராக மெம்பிஸ் வந்து, அங்கிருந்து வடக்கே போனவர். அந்த நூற்றாண்டில் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் போன அதே வழி. வேலைக்காகவும் உயிர்ப் பாதுகாப்புக்காகவும் தெற்கை விட்டு வடக்கு நகரங்களுக்குப் போனார்கள், பாட்டும் கூடவே போனது.

1960-இல், 18 வயதில், கொலம்பியா நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. செய்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே ஜான் ஹேமண்ட். 1938-இல் தேடியும் கைக்குக் கிடைக்காமல் போனவரும், 1960-இல் கிடைத்தவரும் ஒரே தேதியில் இறந்திருக்கிறார்கள், இடையில் சரியாக எண்பது ஆண்டு.

கொலம்பியாவில் ஆறு ஆண்டு இருந்தும் அரீதாவின் குரலுக்கு ஏற்ற பாட்டு அமையவில்லை. அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறி, 1967 ஜனவரியில் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் பியானோ முன்னால் அவரையே உட்கார வைத்துப் பாடச் சொன்னபோதுதான் கதவு திறந்தது.

'ரெஸ்பெக்ட்' பாட்டு அவருடையதே இல்லையாமே?

எழுதி முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெடிங், 1965-இல். அவரும் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்காரர்தான். அவர் பாட்டில், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண் தன் மனைவியிடம் மரியாதை கேட்கிறான். 1967 காதலர் தினத்தன்று நியூயார்க்கில் அரீதா அதைப் பதிவு செய்தபோது கேட்பவள் பெண். 'ரெஸ்பெக்ட்' (மரியாதை) என்ற அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லும் பகுதி ரெடிங் பாட்டில் கிடையாது, அரீதா சேர்த்தது. பின்னால் பாடுபவர்கள் அவருடைய சகோதரிகள். பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, பெண் உரிமைக்கும் கறுப்பின உரிமைக்கும் ஒரே நேரத்தில் குரலானது.

1987-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். எல்விஸும் ராபர்ட் ஜான்சனும் அதற்கு முந்தைய ஆண்டு, முதல் தொகுதியிலேயே சேர்க்கப்பட்டவர்கள்.

வுட்ஸ்டாக்கில் அன்று யார் யார் பாடினார்கள்?

1969, சனிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் பெத்தெலில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணை நிலம். நாலு லட்சம் பேர் என்பது பொதுவான கணக்கு. முந்தின நாள் இரவு மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்திருந்தார், தபலாவில் அல்லா ரக்கா.

16-ஆம் தேதியின் பெரிய ஆச்சரியம் பிற்பகலில் ஏறிய சாண்டானா. அவர்களுடைய முதல் ஆல்பம் அப்போது கடைக்கே வரவில்லை. டிரம்மர் மைக்கேல் ஷ்ரீவுக்கு வயது 20. அவர் தனி ஆவர்த்தனத்தை ஆவணப்படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கிரேட்ஃபுல் டெட், ஜானிஸ் ஜாப்ளின், ஸ்லை ஸ்டோன், தி ஹூ என்று பட்டியல் நீண்டு, நிகழ்ச்சி ஞாயிறு காலை வரை போனது. ஆகவே அந்தப் பட்டியலில் பாதிப் பேருக்குத் தேதி 17 என்றே போட வேண்டும்.

ரமோன்ஸின் முதல் சிபிஜிபி நிகழ்ச்சி அவ்வளவு முக்கியமா?

அன்று வந்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நாட்டுப்புற இசைக்கும் புளூஸுக்கும் என்று திறக்கப்பட்ட சின்ன மதுக்கூடம் அது. குவீன்ஸ் பகுதியிலிருந்து வந்த நாலு பேர், இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டுகளை இடைவெளி இல்லாமல் வாசித்துவிட்டு இறங்கினார்கள். வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக் இசைக்கு அங்கேதான் வீடு கிடைத்தது. 1976-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நாலு பேரும் இன்று உயிரோடு இல்லை.

மடோனா?

மிச்சிகனின் பே சிட்டியில் பிறந்து, டெட்ராய்ட் பக்கத்தில் வளர்ந்தவர். 1985-இல் நடிகர் ஷான் பென்னை மணந்ததும் இதே நாளில். அவருடைய 60-ஆவது பிறந்தநாளன்று அரீதா இறந்தார். நாலு நாள் கழித்து ஒரு விருது விழாவில் அரீதாவைப் பற்றிப் பேசப்போய் தன்னைப் பற்றியே அதிகம் பேசினார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இவர்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜான்சனை ஹெட்போனில் கேளுங்கள், தட்டின் கீறல் சத்தம் முதல் இரண்டு பாட்டுக்குத் தொந்தரவாக இருக்கும், மூன்றாவதில் மறந்துவிடும். எல்விஸுக்கு 1954–55 சன் ஸ்டுடியோ பதிவுகள் போதும்: கிட்டார், பேஸ், ஒரு பையனின் குரல், டிரம் அநேகமாக இல்லை. அரீதாவுக்கு 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவு பதிவான நேரடி ஆல்பம். பீட் பெஸ்டைக் கேட்க, 1995 தொகுப்பின் முதல் பாகம். இதே வரிசையில் கேட்டால் நல்லது. ஜான்சனை விட்டுவிட்டு நேராக எல்விஸுக்குப் போகாதீர்கள்.